அண்டாவுக்குள் உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை

வாடகைப் பாத்திரக் கடைக்காரர் என்னிடம் முதலில் கேட்டது, "எத்தினி பேருக்குமா சமையல்?"

"சமையல் இல்லைங்க. ஒரு ஆள் உள்ள உட்கார்ற அளவுக்கு ஒரு அண்டா வேணும்."

கையிலிருந்த டீ கிளாஸைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். "உக்கார்றதுக்கா?"

"ஆமாங்க. ஐஸ் தண்ணி ஊத்தி."

"யாரு உக்காரப் போறது?"

"நான்தான்."

அவர் என்னை உச்சி முதல் பாதம் வரை ஒரு முறை பார்த்தார். தப்பான பார்வை இல்லை, அளவெடுக்கிற பார்வை. "அப்ப உங்களுக்கு சாம்பார் அண்டா போதும்மா. சாதம் வடிக்கிறது பெருசு. வீணா தண்ணி புடிக்கும்" என்றார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "டாக்டர் சொன்னாரா?" என்றும் கேட்டார்.

டாக்டர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தில் நானாகத்தான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று அதற்கப்புறம் நான் யோசிக்காத நாள் இல்லை.

என் மகள் மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்தவள். மூன்று வயது முடிந்துவிட்டது. வாய் ஓயாமல் பேசுவாள். கால்கள்தான் சொன்னபடி கேட்பதில்லை. கெண்டைச்சதை இறுகியிருப்பதால் குதிகால் தரையில் படியாது. கணுக்காலைத் தாங்கப் பிளாஸ்டிக்கில் அச்சு செய்து கொடுத்திருக்கிறார்கள். அதை மாட்டி, அதன்மேல் ஒரு பெரிய ஷூவைப் போட்டு, எதையாவது பிடித்துக்கொண்டால் நிற்பாள். பிடித்ததை விடமாட்டாள்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்குப் பின்னால் இருக்கிற பழைய வீட்டில் இந்த மாதிரிக் குழந்தைகளுக்கான பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே கூடத்தின் நீளத்துக்கு, குழந்தைகளின் இடுப்புயரத்தில் இரண்டு இரும்புக் கம்பிகள் பதித்திருக்கிறார்கள். குழந்தைகள் இரண்டு கையாலும் அவற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நடக்க வேண்டும். கடைசியில் ஒரு மணி தொங்கும். போய்ச் சேர்ந்தவர்கள் அதை அடிக்கலாம். என் மகள் அதை அடித்திருக்கிறாள் என்று பயிற்சி தருகிற பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கூடத்தில் இருந்தால் அவள் பாதி தூரம்கூடப் போவதில்லை.

"உங்க முகத்தப் பார்த்துப் பார்த்துதான் நிக்கறா. நீங்க பயந்தா அவளும் பயப்படறா. கொஞ்சம் வெளிய உட்காருங்களேன்" என்பார் அந்தப் பெண். என்னைவிடச் சின்னவர். இருந்தாலும் பெற்றோர் எல்லோரும் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். நான் வெளியே போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பயப்படாத முகம் எப்படி இருக்கும் என்று அங்கே உட்கார்ந்து யோசிப்பேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று அப்படி ஒரு முகத்தைச் செய்துகூடப் பார்த்திருக்கிறேன். தூக்கம் வருகிற முகம்தான் வந்தது.

தூக்கம் உண்மையிலேயே வரும். நாங்கள் செவிலிமேட்டில் இருக்கிறோம். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் வந்து நிற்கும். அதற்குள் சமையல், அவளுடைய கால்களுக்கு எண்ணெய் தடவி நீவி விடுவது, அச்சு மாட்டுவது, என் கணவரின் அக்கா வீட்டில் அவளைக் கொண்டுபோய் விடுவது, எல்லாம் முடிய வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் தலை இடிக்க இடிக்கத் தூங்குவேன்.

அந்த மார்கழியில் மையத்தின் வேன் இன்ஜின் போய்விட்டது. கூரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற வேன் அது. காலில் அச்சு மாட்டின குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி வருவது எப்படி என்று ஒரு நாளாவது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினால் இறுகின கால் இன்னும் இறுகும்.

அப்போதுதான் மிஸ் அந்த யோசனையைச் சொன்னார். வெளிநாட்டில் உறைகிற தண்ணீரில் இறங்கி நன்கொடை திரட்டுகிறார்களாம். போனில் காட்டினார்.

"நம்ம ஊர்ல எங்க மிஸ் அந்தக் குளிரு?" என்றார் கூரத்திலிருந்து வருகிற ஒரு சிறுவனின் அப்பா. விவசாயி. மகனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார்.

"ஐஸ் பார் வாங்கிப் போட்டுக்கலாம்ணா" என்றார் மிஸ்.

விதியும் அவர்தான் வகுத்தார். அம்மாவோ அப்பாவோ ஐஸ் தண்ணீரில் உட்கார வேண்டும். அதே நேரத்தில் குழந்தை கம்பியைப் பிடித்து நடக்க ஆரம்பிக்கும். குழந்தை மணியை அடித்த பிறகுதான் பெரியவர் எழுந்திருக்கலாம். மணி அடித்த ஒவ்வொரு குழந்தைக்கும் நன்கொடையாளர்கள் ஒரு தொகை தருவார்கள். நடுவில் எழுந்துவிட்டால் அது கணக்கில் வராது.

யார் யார் உட்காரத் தயார், கையைத் தூக்குங்கள் என்றார். என் மகள் அந்த வேனில் போகிறவள் இல்லை. நாங்கள் ஊருக்குள் இருக்கிறோம், ஆட்டோவில் வருவோம். அந்த வெட்கத்தில் கையைத் தூக்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். அல்லது மிஸ் என்னைப் பார்த்ததாலும் இருக்கலாம். யாராவது என்னைப் பார்த்தால் எனக்குச் சரி என்று சொல்லத்தான் வரும்.

வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. நன்கொடைக்காகக் குழந்தைகளை நடத்திக் காட்டலாமா? அவள் நடக்காமல் நின்றுவிட்டால் எல்லோர் முன்னாலும் அது அவளுடைய தோல்வி ஆகாதா? எனக்குச் சளி பிடித்து அது அவளுக்குத் தொற்றினால், போன தடவை மாதிரி ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால்? கணவரிடம் கேட்டேன். "வேணாம்னா வேணாம்னு சொல்லிடு" என்றார். அது எவ்வளவு சுலபமான காரியம் என்பதுபோல.

மன்னிக்கவும் என்று தொடங்கி மிஸ்ஸுக்கு ஒரு செய்தியைத் தட்டச்சு செய்து, அனுப்பாமல் வைத்திருந்தேன். அனுப்ப எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அது நல்ல காரணம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆகவே மறுநாள் மகளைக் கூட்டிவரப் போனபோது என் கணவரின் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். எதற்கும் முதலில் "வேணாம்" என்று சொல்கிறவர் அவர். நான் வேலைக்குப் போவது வேண்டாம், பிள்ளைக்கு ஷூ வேண்டாம், செவிலிமேட்டில் வீடு வேண்டாம். நிச்சயம் வேண்டாம் என்று சொல்வார் என்று நம்பித்தான் சொன்னேன்.

அண்ணியும் அவர் கணவரும் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறார்கள். கோர்வைப் புடவை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் புடவையின் உடலை நெய்ய, கரைக்கு வேறு நிற நூல் ஓடுகிற நாடாக்கட்டையைப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் தள்ளிவிட வேண்டும். அண்ணி கரை பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அவருடைய கை நின்றது.

"மெய்யாலுமா?"

"ஆமா அண்ணி. ஐஸ் தண்ணி. கழுத்து வரைக்கும்."

"மார்கழி மாசத்துல."

"ஆமா அண்ணி." இதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"நல்ல வேண்டுதலு" என்றார் அண்ணி.

"இது வேண்டுதல் இல்ல அண்ணி. சேலஞ்சு."

"எதுவோ ஒண்ணு. யாருக்காக உக்கார்ற?"

"வேனுக்காக."

"வேனு யாருக்கு?"

"புள்ளைங்களுக்கு."

"அப்ப வேண்டுதல்தான். இத்தினி படிச்சுக்கினு இது தெரியல." எழுந்து போய்க் கை கால் கழுவிவிட்டு வந்தார். சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு வெள்ளைத் துணியை எடுத்து, மஞ்சளில் நனைத்து, ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து முடிந்தார். இரண்டு முடிச்சு. தெருமுனை அம்மனை நினைத்து, வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லி, படத்தின் மூலையில் தொங்கவிட்டார். எல்லாம் நான் தோள்பையைக் கழற்றுவதற்குள் முடிந்துவிட்டது.

"முடிஞ்சு வெச்சாச்சு. புள்ள மணிய அடிச்சதும் கொண்டும்போயி உண்டியல்ல போட்டுடணும். நடுவுல எழுந்துக்காத, சொல்லிட்டேன். வேண்டிக்கினு செய்யாம உட்டா அது புள்ளமேல வந்து விடியும்."

அப்படியெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. பி.காம். படித்திருக்கிறேன். ஆனால் அந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்த பிறகு அந்தச் செய்தியை அனுப்ப என் விரல் வரவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது அழித்துவிட்டேன். மடியில் உட்கார்ந்திருந்த மகள், "அத்த எனக்குக் காசு குடுக்கல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வேண்டுதல் என்றால் அதற்குரியவை எல்லாம் உண்டு. முட்டை கூடாது. கட்டிலில் படுக்கக் கூடாது. யாரையும் கடிந்து பேசக் கூடாது. அண்ணி போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றையும் செய்தேன். கம்பெனி கேன்டீனில் முட்டையைத் தள்ளி வைத்தபோது பக்கத்திலிருந்தவள் விரதமா என்றாள். ஐஸ் தண்ணீரில் உட்காரப் போகிறேன் என்று சொல்ல வாய் வராமல், ஆமாம் என்றேன். காலையில் பழகிப் பார்க்கலாம் என்று பச்சைத் தண்ணீரில் குளித்தேன். முதல் சொம்புக்கே மூச்சு 'ஹக்' என்று உள்ளே இழுத்துக்கொண்டது. குளியலறைக்கு வெளியே தவழ்ந்து வந்திருந்த மகள் அதே மாதிரி 'ஹக்' என்றாள். மறுபடி ஊற்றினேன். மறுபடி 'ஹக்'. சிரிக்க வேண்டிய விஷயம்தான். நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். நான் எதை உள்ளே இழுத்தாலும் அவளும் இழுத்துக்கொள்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்துக்கு எதிரே, முற்றத்தில் நாலு செங்கல் மேல் சாம்பார் அண்டாவை வைத்தார்கள். அண்டாவில் உட்கார்ந்தால் கம்பிகள் நேர் எதிரே தெரியும். ஐஸ் கடையிலிருந்து உமி ஒட்டின ஐஸ் பார்கள் சாக்குப்பையில் வந்தன. கணவர் சுத்தியலால் உடைத்தார். மிஸ் துண்டுகளும் போர்வைகளும் மடித்து வைத்து, சுடுதண்ணீர் ஃப்ளாஸ்க்கும் கொண்டுவந்திருந்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது, அண்ணி வந்து சேரும் வரை.

அண்ணி ஒரு பை நிறைய வேப்பிலை கொண்டுவந்திருந்தார். அண்டாவின் விளிம்பைச் சுற்றிக் குங்குமப் பொட்டு வைத்தார். ஒரு கிண்ணம் மஞ்சள்பொடியை அப்படியே தண்ணீரில் கவிழ்த்தார்.

"அக்கா, என்ன பண்றீங்க?" மிஸ் ஓடி வந்தார். "நன்கொடை குடுக்கறவங்க வீடியோ பார்ப்பாங்க. கோயில் விசேஷம் மாதிரி ஆயிடும்."

"மஞ்சளு கிருமிநாசினிமா. நீ படிச்ச பொண்ணுதானே?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன். சுடிதார் போட்டுக்கொள்வதாக இருந்தேன். அண்ணி தான் கட்டியிருந்ததைப் போலவே எனக்கும் ஒரு மஞ்சள் புடவை கொண்டுவந்துவிட்டார். கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கணவர் தணிந்த குரலில், "இதோட நனைஞ்சா நல்லாவா இருக்கும்? வீடியோ வேற" என்றார்.

"கோயில்ல ஈரத்துணியோட பொம்பளைங்க அங்கப்பிரதட்சணம் பண்ணல? அப்ப எல்லாம் நீ கண்ண மூடிக்கினா இருந்த?" என்று தம்பியை அடக்கினார் அண்ணி.

மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வாசலிலிருந்தே தெரிந்ததால் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் உள்ளே வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் அண்டாவுக்குள் ஒரு நாணயத்தைப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் காலி பாட்டிலோடு வந்து, தீர்த்தம் எப்போது தருவீர்கள் என்றார். கூழ் ஊற்றுவார்கள் என்று நினைத்து ஒருவர் தூக்குச் சட்டியோடு நின்றார். மிஸ் ஒவ்வொருவரிடமும் வேன் கதையைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டார்.

முதலில் கூரத்துக்காரர் உட்கார்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குளத்தில் எருமை இறங்குகிற மாதிரி நிதானமாக இறங்கினார். "எங்க பம்புசெட்டு தண்ணிக்கு இது எவ்ளோவோ தேவல" என்றார். அவர் மகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனான். நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவர் மேலே மரத்தில் இருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் போய் மணியை அடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்தது நான்.

தண்ணீர் குளிராக இல்லை, சூடாக இருந்தது. முதலில் அப்படித்தான் தோன்றியது. நெருப்பில் கால் வைத்த மாதிரி. உட்கார்ந்ததும் புடவை காற்றுப் பிடித்து உப்பி முகத்துக்கு வந்தது. அதை அமுக்கினேன். ஐஸ் துண்டுகள் விலாவில் இடித்தன. அண்டாவின் அடி வளைவாக இருந்ததால் வழுக்கிக்கொண்டே இருந்தது. மூச்சு 'ஹக்' என்றது. எதிரே கம்பிகளுக்கு நடுவில் என் மகளை நிற்க வைத்திருந்தார்கள்.

அவள் என்னைப் பார்த்து 'ஹக்' என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு எட்டு வைத்தாள். அச்சின் மேல் ஷூ தரையில் 'டக்' என்றது. இன்னொரு எட்டு. கம்பியில் கையை நகர்த்துவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தாள். நான் சிரிக்கப் பார்த்தேன். பல் கிட்டித்து, தாடை தனியாக ஆடியது. அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று அவள் முகத்தில் பார்த்தேன். வாய் கோணிக்கொண்டு போனது.

"அம்மா, எழுந்து வா."

"நீ நடம்மா. நட. அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல." குரல் துண்டுதுண்டாக வந்தது.

"வேணாம். வா."

நடுவிலேயே நின்றுவிட்டாள். முழங்கால் மடிந்து, இரண்டு கையாலும் கம்பியில் தொங்கினாள். அழ ஆரம்பித்தாள். "சிரிங்க, சிரிங்க" என்றார் மிஸ். "அம்மாவப் பாரு, ஜாலியா இருக்காங்க பாரு" என்று யாரோ சொன்னார்கள். நடுவில் எழக் கூடாது. அது தெரியும். அந்த முடிச்சு என் கண்ணில் தெரிந்தது. புள்ளமேல வந்து விடியும் என்றதும் காதில் கேட்டது. எல்லாம் தெரிந்தும் எழுந்துவிட்டேன். தண்ணீர் புடவையிலிருந்து கொட்ட, அண்டா ஒரு பக்கம் சாய, யாரோ 'ஐயோ' என்றார்கள். வெளியே இறங்கிக் கூடத்தை நோக்கிப் போனேன்.

"தொடாதீங்க!" மிஸ் குறுக்கே வந்து என் தோளைப் பிடித்தார். "தூக்கிடாதீங்க, ப்ளீஸ். அந்தப் பக்கம் திரும்புங்க. சுவத்தப் பாருங்க."

திரும்பினேன். போர்வை என் மேல் விழுந்தது. சுவரில் ஒரு பழைய காலண்டர் ஆணி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதுகுக்குப் பின்னால் 'தொபுக்' என்று ஒரு சத்தம். பிறகு அண்ணியின் குரல்.

"அய்யய்யய்யய்யோ! யம்மாடி! ஏய் குட்டி! இங்க பாரு! அத்தையப் பாருடி! சாம்பார்ல போட்ட முருங்கக்காய் மாதிரி உக்காந்துக்கினு இருக்கேன்!"

அழுகை நின்றது.

"இன்னா பாத்துக்கினு நிக்கற? சீக்கிரமா போயி மணிய அடி! இல்லாட்டி என்னைய எலையில போட்டுத் துன்னுடுவாங்க!"

என் மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மூக்கிலிருந்து சளி வர வர சிரிக்கிற சிரிப்பு. 'டக்' என்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. 'டக்'.

"தோ வர்றாங்க பாரு கரண்டி எடுத்துக்கினு! நடடி என் ராசாத்தி! அத்தைக்கு வெறைக்குதுடி!"

'டக்.' 'டக்.' நான் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் நின்றுவிடுவாள். காலடியில் தண்ணீர் தேங்கி மஞ்சளாக ஓடியது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. மணி அடித்தது. ஒரு தடவை இல்லை. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். யாரோ போய்க் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

நான் திரும்பியபோது அவள் மிஸ்ஸின் இடுப்பில் இருந்தாள். கணவர் படம் எடுத்திருந்தார். அன்று சாயங்காலமே அதைப் போட்டுப் பார்த்தேன். நான் எழுந்ததும் பதறிப்போய்ப் போனை ஆட்டியிருக்கிறார். அப்புறம் அண்ணி அண்டாவுக்குள் விழுந்ததும் அந்தப் பக்கமே திருப்பிவிட்டார். அண்ணி கத்துவது இருக்கிறது. கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது இருக்கிறது. மணிச் சத்தம் இருக்கிறது. அவள் நடந்தது எதிலும் இல்லை.

மையத்தில் அன்று ஒரு வாக்குவாதமும் நடந்தது. விதிப்படி இது கணக்கில் வராதே என்று மிஸ் தயங்கினார். அண்ணி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, "கோர்வைக்கு ரெண்டு பேரு உக்கார்றாங்க. அதுக்காக ரெண்டு பொடவன்னு வெல போடுவியா?" என்றார். கூரத்துக்காரர், "எழுதிக்கோங்க மிஸ். யாரு உக்காந்தா இன்னா, புள்ளதானே நடந்துச்சு" என்றார். மிஸ் எழுதிக்கொண்டார். நன்கொடையாளர்களுக்கும் அண்ணியைத்தான் ரொம்பப் பிடித்திருந்ததாம். வேன் இப்போது ஓடுகிறது.

என் கவலை வேன் இல்லை. ஆட்டோவில் வரும்போது கேட்டுவிட்டேன். "அண்ணி, நான் நடுவுல எழுந்துட்டேனே. வேண்டுதல் என்ன ஆகும்?"

அண்ணிக்குப் பல் கிட்டித்தது. "பேசாத வா. வாயத் தொறந்தா குளுரு உள்ள பூவுது."

சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய் இரண்டு மஞ்சள் புடவைகளையும் வாளியில் ஊறவைத்து அலசினேன். சாயம் போய்க்கொண்டே இருந்தது. மகளின் நெற்றியை அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. மறுநாள் பஸ்ஸில் இருந்தபடி போன் செய்து கேட்டேன். இல்லை. காய்ச்சல் அண்ணிக்குத்தான் வந்தது.

சளி, காய்ச்சல், குரலே எழும்பவில்லை. அந்த வாரம் முழுவதும் மகளைக் கணவர் லீவு போட்டும் அரை நாள் போட்டும் பார்த்துக்கொண்டார். நான் விடியற்காலையில் இரண்டு வீட்டுக்கும் சமைத்து, மிளகு ரசத்தைத் தூக்கில் ஊற்றி, அண்ணி வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தேன். கரை பக்கம் உட்கார ஆள் இல்லாமல் தறி நின்றிருந்தது. அண்ணியின் கணவர் தூக்கை வாங்கும்போது தறியை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. பிள்ளைமேல் விழ வேண்டியது அண்ணிமேல் விழுந்துவிட்டதோ என்று பஸ்ஸில் தூங்காமல் யோசித்தேன். காய்ச்சல் ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்ததால் வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அண்ணி எழுந்து உட்கார்ந்த அன்று சாயங்காலம் அந்த முடிச்சை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீயும் அவளும் போயி போட்டுட்டு வாங்க."

"நீங்க முடிஞ்சு வெச்சது அண்ணி. நீங்கதானே கடைசி வரைக்கும் உட்கார்ந்தீங்க."

"என்னால நடக்க முடியலமா. இன்னமும் எத்தினி நாளு தொங்கும்? அம்மனு வட்டி கேக்கும்." இருமினார். "போவும்போது அவளுக்கு ஸ்வெட்டரு போடு. எதுக்குன்னாலும் மூஞ்சிய அப்படி வெச்சுக்காத."

தெருமுனைக் கோயிலில் கூட்டம் இல்லை. வாசலிலிருந்து சன்னதி வரை வரிசை நிற்பதற்காக இரண்டு பக்கமும் தாழ்வாக, நெருக்கமாக எவர்சில்வர் குழாய் போட்டிருக்கிறார்கள். உண்டியல் அந்தப் பக்கம், சன்னதிக்கு அருகில். மகளை இடுப்பிலிருந்து இறக்கி, ஷூ போட்ட காலோடு வரலாமா என்று பூசாரியைக் கேட்பதற்காகத் திரும்பினேன். "பரவால்லமா, குழந்ததானே" என்றார் அவர்.

அதற்குள் அவள் இரண்டு குழாய்களையும் பிடித்துக்கொண்டுவிட்டாள். ஒரு கைக்குள் மஞ்சள் முடிச்சு. குழாய் அவளுக்குக் கொஞ்சம் உயரம். தோளை உயர்த்திக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள்.

என் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. கால் வலித்தது. தூக்கம் கண்ணை இழுத்தது. குழாய் வழுக்கினால்? கல் தரையில் விழுந்தால்? தூக்கிக்கொண்டு போய்விட்டால் சீக்கிரம் முடியும். வீட்டுக்குப் போய் மாவு வேறு அரைக்க வேண்டும்.

"அம்மா முன்னாடி போறேன். நீ கொண்டுவந்து போடு" என்றேன்.

திரும்பிக்கொண்டேன். சன்னதியைப் பார்த்தபடி மெதுவாக நடந்தேன். விளக்கைப் பார்த்தேன். அம்மனின் மூக்குத்தியைப் பார்த்தேன். பின்னால் 'டக்' என்றது. அப்புறம் சத்தம் இல்லை. பூசாரி கற்பூரத் தட்டோடு எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்திலிருந்து ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை. மூக்குத்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

'டக்.'